ஊருக்கு வெளியே அதிவேக ரயில் நிலையம்: வாசலிலிருந்து வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்கள்

தைவானுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் வந்ததும் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "அண்ணா, அதிவேக ரயில்ல போனா எவ்வளவு நேரம் மிச்சம்?" என்பது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, அதிலும் அந்த ஊரில் எந்தத் தெருவுக்கு என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சில வருடங்களாகத் தைவானின் தெற்கே தைநான் நகரத்தில் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் நாட்டிலும் மும்பை–அகமதாபாத் பாதை எழும்பிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டுமே சொல்கிறார்கள், வீட்டிலிருந்து ரயிலுக்குப் போய்ச் சேரும் நேரத்தை யாரும் பேசக் காணோம்.

தைவானின் அதிவேக ரயில் 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. தைபேயிலிருந்து தெற்கே காவ்சியுங்கின் சுவோயிங் வரைக்கும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். தைபேயில் அது நகரத்தின் நடுவில், பூமிக்கு அடியில், மெட்ரோவும் பழைய ரயிலும் சேரும் இடத்திலேயே நிற்கிறது. ஆனால் தாவ்யுவான், சிஞ்சு, தைச்சுங், ஜியாயி, தைநான் எல்லாவற்றிலும் நிலையம் பழைய ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. அந்த வேகத்தில் போகும் வண்டிக்குப் பாதை கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும், நெருக்கமான பழைய ஊருக்குள் அப்படி நிலம் கிடைக்காது, வெளியே வயல் நிலம் கிடைத்தது, நிலையத்தைச் சுற்றிப் புதுநகரம் வளரும் என்ற திட்டமும் கூடவே இருந்தது. தைநான் நிலையம் இருக்கும் குய்ரென் பகுதி பழைய ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். நான் இருப்பது செங்குங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். பழைய நிலையத்தின் பின்வாசலில் இறங்கினால் பல்கலைக்கழகம்தான், நடந்தே போய்விடலாம். இங்கிருந்து தைச்சுங் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் போக வேண்டும் என்றால் முதலில் பழைய நிலையத்தில், அதிவேக நிலையத்தை ஒட்டியிருக்கும் ஷாலுன் என்ற சாதாரண ரயில் நிலையத்துக்குப் போகும் வண்டியில் ஏற வேண்டும். அது அரைமணிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும், வழியில் சின்னச் சின்ன நிலையங்களில் எல்லாம் நிற்கும், சாங்ஜுங் பல்கலைக்கழக நிறுத்தத்தில் மாணவர்கள் மொத்தமாக இறங்கிப் பெட்டி காலியாகும், அடுத்தது ஷாலுன், அதுதான் கடைசி. இதற்கே 25 நிமிடம் போய்விடும். இறங்கி, கார்டைத் தட்டி வெளியே வந்து, நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய், மறுபடி ஒரு கதவில் டிக்கெட்டைக் காட்டி, மேலே ஏறி நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி வைக்காமல் யாரும் கிளம்புவதில்லை, வைக்காவிட்டால் வண்டி போய்விடும். அதற்கப்புறம் 40 முதல் 45 நிமிட அதிவேகப் பயணம், அது நிஜமாகவே அருமையான பயணம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கொண்டுபோய் இறக்கிவிடுவது வூரியில், அதுவும் தைச்சுங் ஊருக்கு வெளியேதான். அங்கே மறுபடி பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து, சாதாரண ரயிலுக்குக் காத்திருந்து, இன்னொரு பத்துப் பன்னிரண்டு நிமிடம் போனால்தான் தைச்சுங் பழைய நிலையம்.

கூட்டிப் பாருங்கள். எல்லா வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தாலே ஒன்றே முக்கால் மணி, ஒன்று ஐம்பது ஆகிவிடும். ஷாலுன் வண்டியை ஒரு நிமிடத்தில் விட்டால் இன்னும் அரைமணி கூடும். அதே பழைய நிலையத்தில் சாதாரண விரைவு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தைச்சுங் ஊருக்கு நடுவில் இறங்கலாம், வழியில் மாற வேண்டிய வேலையே இல்லை, தூங்கிக்கொண்டே போகலாம். கட்டணமும் குறைவுதான். காவ்சியுங்குக்கு இன்னும் மோசம். அதிவேக ரயில் தைநானிலிருந்து சுவோயிங்குக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் போய்விடும், உண்மைதான். ஆனால் இந்தப் பக்கம் ஷாலுன், அந்தப் பக்கம் சுவோயிங்கிலிருந்து மெட்ரோ என்று சேர்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சாதாரண ரயில் அரைமணி முக்கால் மணியில் ஊருக்குள் கொண்டுபோய் விடுகிறது.

தைபேக்குப் போகும்போது மட்டும் கணக்கு தலைகீழாக மாறும். ரயிலில் ஒன்றே முக்கால் மணி, முன்னால் ஷாலுன் நேரத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் இரண்டரை மணி. சாதாரண ரயிலில் நான்கு மணி நேரம் ஆகும். இங்கே அதிவேக ரயில் தெளிவாக ஜெயிக்கிறது, இறங்குவதும் தைபேயின் நடு ஊரில். தைபே–காவ்சியுங் உள்நாட்டு விமானம் 2012-இல் நின்றே போனதற்கு இந்த ரயில்தான் காரணம், அதை மறுக்க முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதற்கு நாம் கொடுக்கும் நேரம் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. 40 கிலோமீட்டர் போனாலும் 300 கிலோமீட்டர் போனாலும் ஒரு முனைக்கு அதே முக்கால் மணி. நீண்ட தூரத்தில் அந்த நஷ்டம் கரைந்துவிடுகிறது, குறுகிய தூரத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் அதுவே தின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், 'வெளியே' என்பது யாருடைய வாசலிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிஞ்சுவின் அதிவேக நிலையம் ஜுபெயில் இருக்கிறது, பழைய ஊர்க்காரருக்கு அது தள்ளித்தான். ஆனால் அறிவியல் பூங்காவில் சிப் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களைக் கேளுங்கள், அவர்களுக்கு அங்கிருந்து காரில் கொஞ்ச நேரம்தான். அவர்களுக்கு இந்த ரயில் வரம். அதேபோல தைநானிலும் கார் வைத்திருப்பவருக்கு, குய்ரென் பக்கமே வீடு இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாது. ஊருக்கு நடுவில் காரில்லாமல் இருப்பவர், மாணவர், வயதானவர், இவர்கள் தலையில்தான் அந்த முக்கால் மணி விழுகிறது.

நிலையத்தை ஊருக்குள்ளேயே கட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தைநானில் பழைய ரயில் பாதையை எட்டு கிலோமீட்டருக்குப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலைக்கே பாதையோரத்து வீடுகளை இடிக்க வேண்டி வந்து, வீட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். புதிதாக ஓர் அதிவேகப் பாதையை உள்ளே நுழைத்திருந்தால் எத்தனை வீடு போயிருக்கும்! வெளியே கட்டியதை ஒப்புக்கொள்கிறேன். கட்டிவிட்டு மக்களை அங்கேயே விட்டதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ரயில் 2007-இல் ஓடியது, ஷாலுன் பாதை வந்தது 2011-இல். சிஞ்சுவின் இணைப்புப் பாதையும் அதே வருடம்தான். தாவ்யுவான் நிலையத்துக்கு மெட்ரோ வந்தது 2017-இல், பத்து வருடம் கழித்து. ஜப்பானில் என்ன செய்தார்கள் பாருங்கள். ஒசாகா நகரத்தின் அதிவேக ரயில் நிலையமான ஷின் ஒசாகாவும் ஊர் நடுவில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டியதுதான். ஆனால் அவர்களுடைய அதிவேக ரயிலான ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது 1964 அக்டோபர் 1-ஆம் தேதி, ஊருக்குள்ளிருந்து சுரங்க ரயிலை அங்கே நீட்டித் திறந்தது செப்டம்பர் 24-ஆம் தேதி. ஒரு வாரம் முன்னாடியே! அறுபது வருடத்துக்கு முன்னால் இது முடிந்திருக்கிறது, அதனால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நம் ஊரில் இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. திருச்சியிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கி, குழந்தையையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு வடசென்னைக்குப் போக வேண்டியவருக்கு நான்குவழிச் சாலையில் மிச்சமான நேரம் எங்கே போனது என்று தெரியும்.

மும்பை–அகமதாபாத் பாதையில் 508 கிலோமீட்டருக்கு 12 நிலையம், குறைந்த நிறுத்தங்களில் போனால் 2 மணி 7 நிமிடம் என்கிறார்கள். வதோதராவிலும் அகமதாபாத்திலும் இப்போதிருக்கும் ரயில் நிலையத்தோடு சேர்த்தே கட்டுகிறார்கள், நல்ல வேலை. ஆனால் சூரத்தின் நிலையம் அந்த்ரோலியில், ஊருக்கு வெளியே. சூரத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இப்போதே உங்கள் மாநகராட்சியிடமும் எம்.பி.யிடமும் கேளுங்கள்: பழைய நிலையத்திலிருந்து அந்த்ரோலிக்கு என்ன வண்டி, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ராத்திரி கடைசி ரயிலில் வந்து இறங்குபவருக்கும் அது இருக்குமா, முதல் நாளிலிருந்தே ஓடுமா? ரயில் ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

தைநானுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு: காவ்சியுங்குக்கு சாதாரண ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். தைச்சுங்குக்கு, போக வேண்டிய இடம் வூரிக்குப் பக்கம் என்றால் மட்டும் அதிவேக ரயில். தைபேக்கு தாராளமாக அதிவேக ரயிலில் போங்கள், ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஷாலுன் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற ரயிலாக எடுங்கள்.