ஹெலிகாப்டர் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் அக்கா மகன் தே தாரிக் கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு மூன்று ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரப் புத்தகங்களை மேசையில் விரித்தான். ஒன்று அமெரிக்கா, ஒன்று ஆஸ்திரேலியா, இன்னொன்று பிலிப்பைன்ஸ். மூன்றின் அட்டையிலும் கடலுக்கு மேலே பறக்கும் இரட்டை என்ஜின் ஏடபிள்யூ139. உள்ளே புரட்டினால் பயிற்சிக்கு என்று போட்டிருப்பது ராபின்சன் ஆர்22, இரண்டே பேர் உட்காரும் சின்ன ஹெலி. "எதுல சேரலாம் மாமா, நீங்களே சொல்லுங்க" என்றான். அமெரிக்கப் பள்ளி கேட்கும் தொகை நம்ம காசில் கிட்டத்தட்ட நாலு லட்சம் ரிங்கிட். பூமிபுத்ரா மாணவர்களுக்கான அரசாங்க மாரா கடன் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது, அக்கா வீட்டை மறுபடியும் வங்கியில் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பைலட் இல்லை. சுபாங்கில் 16 வருடமாக ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பைலட்டுகளோடு தினமும் பேசுகிறேன், அவர்கள் எப்படி அந்த இருக்கைக்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் "எந்தப் பள்ளியில் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். லைசென்ஸ் எடுப்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ஹெலிகாப்டர் கமர்ஷியல் லைசென்ஸுக்கு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 150 மணி நேரம் பறந்திருப்பது, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் படிப்பாக இருந்தால் 100. காசும் உழைப்பும் இருந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கைக்கு வந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த நாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது. மலேசியாவில் ஹெலிகாப்டர் பைலட் வேலை என்றால் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை, கெர்த்தே, மிரி, கோத்தா கினபாலு பக்கம். அங்கே எத்தனை மணி நேரம் பறந்தவரை உட்கார வைக்கலாம் என்பதில் எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் விமானப்படையிலோ ராணுவத்திலோ ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்துவிட்டு வந்தவர். 150 மணி நேரத்தோடு போகும் 21 வயதுப் பையனை யார் கூப்பிடுவார்கள்?

ஆகவே பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 150-லிருந்து, வேலைக்குக் கூப்பிடும் அளவுக்கு, 1,000 மணி நேரத்துக்கு என் பிள்ளை எப்படிப் போவான் என்பதுதான். இதற்கு நேரான பதில் தராத பள்ளியை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. படித்து முடித்ததும் அதே பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து, அடுத்த மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே மணி நேரத்தைச் சேர்ப்பது. நல்ல வழிதான், ஆனால் இரண்டு இடத்தில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆர்22 ஹெலிக்கென்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 1995-ல் ஒரு தனி விதி கொண்டுவந்தது. அதன்படி ஆர்22-ல் சொல்லிக் கொடுக்க இன்ஸ்ட்ரக்டர் ஹெலிகாப்டரில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 50 ஆர்22-லேயே இருக்க வேண்டும். ஆனால் என் அக்கா மகன் கொண்டுவந்த தாளில் 150 மணி நேரத்துக்குத்தான் கணக்கு. மீதி 50 மணி நேரத்துக்குக் காசு எங்கிருந்து வரும்? அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது விசா. தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் போனால் நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் வேலை செய்யலாம், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஆயிரம் மணி நேரத்தை எட்டவே முடியாது. எந்த விசா தருகிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இப்போது அங்கே சொல்லிக் கொடுப்பவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் படித்தவர்கள், அதில் எத்தனை பேர் வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றும் கேளுங்கள்.

அப்புறம் ஹேங்கர், அதாவது ஹெலியை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆர்22, அதைவிடப் பெரிய ஆர்44 இரண்டையும் 2,200 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்தாக வேண்டும். செலவு பெரியது, மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டே ஹெலி வைத்திருக்கும் பள்ளியில் ஒன்று 2,050 மணி நேரத்தில் நிற்கிறது என்றால், நம் பிள்ளை பாதிப் படிப்பில் இருக்கும்போது அது ஓவர்ஹாலுக்குப் போய்விடும், மிச்சம் இருக்கும் ஒன்றுக்கு 12 பேர் அடித்துக்கொள்வார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவரின் மகனுக்கு இதுதான் நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். நாலு மாதம் தரையில் உட்கார்ந்திருந்தான், திரும்ப ஏறியபோது ஹோவர், அதாவது ஹெலியை ஒரே இடத்தில் அந்தரத்தில் நிறுத்துவது கூட வரவில்லை, கற்றதையே மறுபடியும் கற்க எட்டு மணி நேரம் தனிக் காசு. எத்தனை ஹெலி, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரத்தில் இருக்கிறது, பராமரிப்பு உள்ளேயே நடக்கிறதா வெளியே போகிறதா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல பள்ளி உடனே பதில் சொல்லும், அந்தக் கணக்கு ஹேங்கர் சுவரிலேயே எழுதித் தொங்கும்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பள்ளி ஒரே நாளில் கதவைச் சாத்தியது. 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் பலர் 70,000 டாலர் வரை கடன் வாங்கி முன்பணமாகக் கட்டியவர்கள். பள்ளி போய்விட்டது, கடன் போகவில்லை. பறந்த மணி நேரத்துக்கு மட்டும் காசு, அல்லது சின்னச் சின்னத் தவணை, அதற்கு மேல் ஒரு சென்னும் கொடுக்கக் கூடாது.

சரி, சொல்லிக் கொடுக்கும் தரம். அன்றைக்கே பையனை எனக்குத் தெரிந்த ஒரு ஹேங்கருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு ஆர்44 நின்றது, ஆர்22-க்கு அண்ணன், ரோட்டர் அமைப்பு ஒரே மாதிரிதான். ஸ்டூல் போட்டு ஏற்றி, ரோட்டர் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டே பிளேடு, நடுவில் ஊஞ்சல் பலகை மாதிரி ஆடும். ஒரு பிளேடு நுனியை லேசாக அமுக்கினால் எதிர்ப்பக்கம் மேலே எழும்பும். பறக்கும்போது சைக்ளிக்கை, அதாவது ஹெலியைத் திசை சாய்க்கும் பிடியை, திடீரென்று முன்னால் தள்ளினால் ரோட்டர் மேல் இருக்கும் பாரம் இறங்கிவிடும், ஹெலி வலது பக்கம் உருளும். பயந்துபோய் இடது பக்கம் இழுத்தால் ரோட்டர் தலை அதைத் தாங்கும் தண்டான மாஸ்ட்டில் மோதி, மாஸ்ட்டே முறியலாம். ஆர்22-ல் ரோட்டர் எடை குறைவு, அதனால் என்ஜின் நின்றால் கலெக்டிவை, அதாவது ஹெலியை ஏற்றி இறக்கும் நெம்புகோலை, இறக்க ஒரு விநாடிக்கு மேல் அவகாசம் இல்லை. 1995 விதியே இப்படிப்பட்ட விபத்துகளால் வந்ததுதான். விரலை ரோட்டர் தலையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். ஆர்22 மோசமான ஹெலி என்று நான் சொல்ல வரவில்லை, உலகத்தில் எத்தனையோ நல்ல பைலட்டுகள் அதில்தான் கற்றார்கள். அதைச் சொல்லிக் கொடுக்கிறவர் நேற்று லைசென்ஸ் எடுத்தவரா, பல வருடம் பறந்தவரா, தலைமை இன்ஸ்ட்ரக்டர் வாரத்தில் எத்தனை நாள் பள்ளியில் இருக்கிறார் என்பதுதான் என் கவலை. ஒரு மணி நேரத்துக்கு 50 ரிங்கிட் மிச்சம் என்று பார்க்கிற இடம் இது இல்லை.

எடையும் முக்கியம். ஆர்22 மொத்தமாக 622 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஒரு இருக்கைக்கு 109 கிலோ. நம் பையன் 92 கிலோ. இன்ஸ்ட்ரக்டரும் அதே உடம்பாக இருந்தால் பெட்ரோலைக் குறைத்து ஏற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஆர்44-க்கு மாற்றுவார்கள், அதன் மணி நேரக் கட்டணம் வேறு. இதையும் சேரும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கிளாஸ் 1 மெடிக்கல், அதாவது தொழில்முறை பைலட்டுக்கான உடல் பரிசோதனை. மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம் போய் கண், காது, இதயம் எல்லாம் பார்த்து, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கு ஒரு ரிங்கிட்டானாலும் கட்ட வேண்டும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருப்பதே பல பிள்ளைகளுக்கு அந்த அறையில்தான் தெரிய வருகிறது. கூடவே, வெளிநாட்டு லைசென்ஸை இங்கே மாற்ற எந்தெந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று பள்ளி ஏஜெண்டிடம் கேட்காமல் நேராக சிஏஏஎம்-இடமே கேளுங்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு.

இன்னொன்றையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். இந்தத் தொழில் எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014-ல் விலை சரிய ஆரம்பித்த பிறகு சிஎச்சி 2016-லும், பிரிஸ்டோ 2019-லும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின, உலக அளவில் பெரிய ஹெலிகாப்டர் கம்பெனிகள் அவை. விமானப்படை, போலீஸ் விமானப் பிரிவு, தீயணைப்புப் படையான பொம்பா, கடல்சார் அமலாக்கம் இவற்றிலும் ஹெலி இருக்கிறது. போட்டி கடுமைதான், ஆனால் விமானப்படை எடுத்துக்கொண்டால் பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது. நம் பிள்ளைகள் அந்தப் படிவத்தை நிரப்பக்கூட யோசிக்கிறார்கள், "நமக்குக் கிடைக்காது" என்று நாமே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம். 92 கிலோவைக் குறைத்துக்கொண்டு முதலில் அதற்கு விண்ணப்பம் போடு என்று பையனிடம் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்குத் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடும் படத்தை அனுப்பினான்.

மெடிக்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி வாங்கியாகிவிட்டது. மூன்று பள்ளிகளுக்கும் மேலே சொன்ன கேள்விகளை அவனையே எழுதி அனுப்பச் சொன்னேன். ஆஸ்திரேலியப் பள்ளி ஒவ்வொரு ஹெலியின் மணி நேரத்தையும் பதிவு எண்ணோடு அனுப்பிவிட்டது. அமெரிக்கப் பள்ளி விசாவைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதியது. மூன்றாவது பள்ளியிலிருந்து ஏஜெண்ட் போன் செய்து, இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறார். அந்த மூன்றாவது புத்தகத்தை அக்கா மடித்து எடுத்து வைத்துவிட்டாள்.