கல்லில் ஒரு முக்காடு

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அருங்காட்சியகம் இப்போது இருக்கும் கட்டடம் அரண்மனை அன்று. 1968இல்தான் அங்கே மாறினார்கள். நிஜாமின் திவான்களாக இருந்த சாலார் ஜங் குடும்பம் வாழ்ந்த திவான் தேவ்டி மாளிகையில்தான் 1951 டிசம்பர் 16 அன்று நேரு அதைத் திறந்து வைத்தார்.

நான் போனபோது கூட்டமெல்லாம் அங்குள்ள இசைக் கடிகாரத்தின் முன்னால். நானோ, இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய ‘முக்காடிட்ட ரெபெக்கா’ என்ற பளிங்குச் சிலையை விட்டு நகரவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் நான். வெள்ளிக் கம்பியை மயிரிழையாக இழுக்கவே என்ன பாடு! அங்கே பளிங்கில் மெல்லிய துணி கன்னத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. உள்ளே மூக்கும் உதடும் தெரிகின்றன. எங்களுக்குப் பிசகினால் உருக்கிக்கொள்ளலாம், கல்லை என்ன செய்வது? பசிக்கிறது என்று மனைவி மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகே நகர்ந்தேன்.