எல்லா மீட்டிங்குக்கும் விஆர் ஹெட்செட் வேண்டாம்

வெவ்வேறு ஊர்களில் இருந்து வேலை பார்க்கும் டீமுக்கு, கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் முப்பரிமாண மெய்நிகர் உலகத்தைக் காட்டும் விஆர் ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனி வாராந்திர மீட்டிங் எல்லாம் விஆரில்தான்" என்று உத்தரவு போடும் மேலாளர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. விஆர் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இந்தக் கோபம்.

அது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம். மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து ஆன்சைட் என்றொரு மென்பொருளை உருவாக்கினார்கள், 2015-ல் அறிவித்தார்கள். செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த படங்கள் அதில் முப்பரிமாண நிலமாக விரிந்தன. ஹோலோலென்ஸ் (எதிரே இருக்கும் அறையும் தெரியும், விஆருக்கு நெருங்கிய வகை ஹெட்செட்) மாட்டிக்கொண்ட விஞ்ஞானிகள் இருந்த இடத்திலிருந்தே செவ்வாய்த் தரையில் சேர்ந்து நடக்க முடிந்தது. ஒரு பாறை எவ்வளவு தள்ளி இருக்கிறது, சரிவு எவ்வளவு செங்குத்து என்பதைத் தட்டையான படத்தில் ஊகிக்கத்தான் முடியும். பக்கத்தில் போய் நின்றால் கண்ணுக்கே தெரிந்துவிடும். கட்டட வடிவமைப்பு, இயந்திர வடிவமைப்பு எல்லாம் இந்த வகைதான். ஆழமும் அளவும் அங்கே வேலையின் பாதி.

இன்னொன்று, குரல். வீடியோ காலில் ஒருவர் பேசினால் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விஆரில் குரலுக்குத் திசையும் தூரமும் உண்டு. நாலு பேர் இங்கே விவாதிக்க, இரண்டு பேர் ஒதுங்கிப் போய்த் தனியாகப் பேசலாம். பல பேர் கூடி யோசிக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஆனால் எக்செல் கணக்கை வாசித்துக் காட்ட இதெல்லாம் எதற்கு? மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். காட்டும் பொருள் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் திரையில் கண் குவிய வேண்டிய தூரம் மாறுவதில்லை, கண் அந்த முரண்பாட்டோடு மல்லுக்கட்டுகிறது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் 18 பேரை ஒரு வாரம் விஆருக்குள்ளேயே அலுவலக வேலை பார்க்கச் சொன்னார்கள். ஒற்றைத் தலைவலி, குமட்டல், பதற்றம் என்று இரண்டு பேர் முதல் நாளே விலகிவிட்டார்கள். அது டீம் வேலை இல்லை, தனித்தனியாகச் செய்த வேலைதான். ஆனாலும் தலையும் கழுத்தும் அதே தலையும் கழுத்தும்தானே!

ஆகவே மாட்ட முடியாதவர், காரணம் சொல்லாமலே சாதாரணத் திரை வழியாகச் சேர வழி இருக்க வேண்டும். அப்படிச் சேர்பவரின் பேச்சுக்கும் அதே மதிப்பு வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சில ஹெட்செட்டுகள் கண் அசைவையும் பதிவு செய்யும். யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற அந்தத் தகவல் நிர்வாகத்தின் கைக்கோ அப்ரைசலுக்கோ போகாது என்று மாட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.