நிற்கும்போது உரசவில்லை

மெக்கானிக்: புது சக்கரம் எங்கே உரசுகிறது தம்பி? உள்ளேயா, வெளியேயா?

கார்க்காரர்: நிற்கும்போது எங்கேயும் உரசவில்லை அண்ணே.

மெக்கானிக்: நிற்கும்போது இந்த பெஞ்சுகூடத்தான் உரசாது. ஓட்டும்போது?

கார்க்காரர்: ஓட்டும்போதும் பெரிதாக இல்லை. மேடு பள்ளத்தில், வளைவில், ரிவர்ஸ் எடுக்கையில், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால்... அவ்வளவுதான்.

மெக்கானிக்: அதெல்லாம் போக மிச்சம் என்ன இருக்கிறது? சரி, ரிம் அளவு சொல்லுங்க.

கார்க்காரர்: பழையது ஏழரை இன்ச், ஆஃப்செட் 40. புதுசு ஒன்பதரை, ஆஃப்செட் 45. சக்கரம் நன்றாக வெளியே தள்ளி நிற்கணும் என்று பெரிய நம்பராகப் பார்த்து வாங்கினேன்.

மெக்கானிக்: நம்பர் பெரிசானால் சக்கரம் உள்ளே போகும் தம்பி.

கார்க்காரர்: பெரிசு எப்படி அண்ணே உள்ளே போகும்?

மெக்கானிக்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சு முனையில், உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் அந்த நம்பர். அது கூடக் கூட மொத்தச் சக்கரமும் உள்ளே நகரும். அகலம் ரெண்டு இன்ச் கூடியதில் பக்கத்துக்கு 25 மி.மீ., அதோடு ஆஃப்செட்டில் 5. உள் விளிம்பு முப்பது மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் போயிருக்கும்.

கார்க்காரர்: போனது. ஷாக்கில் முட்டியது. அதனால்தானே சக்கரத்தை வெளியே தள்ள நடுவில் 25 மி.மீ. ஸ்பேசர் தட்டு போட்டேன்!

மெக்கானிக்: அதனால்தானே இப்போது மட்கார்டில் முட்டுகிறது! வெளி விளிம்பு அகலத்தில் 25 கூடி, ஆஃப்செட்டில் 5 குறைந்து, ஸ்பேசரில் 25 கூடி, பழைய ரிம்மைவிட 45 மி.மீ. வெளியே நிற்கிறது.

கார்க்காரர்: நிற்கும்போது முட்டவில்லை அண்ணே.

மெக்கானிக்: டயர் என்ன சைஸ்?

கார்க்காரர்: டயரில் நான் கை வைக்கவே இல்லை. முன்பு 225/45, இப்போது 265/45. அதே 45, அதே 17 இன்ச். உயரம் மாறாது பாருங்க.

மெக்கானிக்: முதல் நம்பர் டயரின் அகலம், மி.மீ.-இல். அந்த 45, பக்கவாட்டின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 225-க்கு 101 மி.மீ. வரும், 265-க்கு 119 வரும். காரை எவ்வளவு இறக்கினீங்க?

கார்க்காரர்: 40 மி.மீ. புது ஸ்பிரிங் அண்ணே!

மெக்கானிக்: அதில் 18-ஐ டயர் திரும்பத் தூக்கிவிட்டது. நாற்பதுக்குக் காசு கொடுத்து இருபத்திரெண்டு வாங்கியிருக்கீங்க. 255/40 போட்டிருந்தால் உயரம் கிட்டத்தட்ட பழையபடியே இருந்திருக்கும்.

கார்க்காரர்: அப்போது இன்னும் ஒரு 18 இறக்கிவிடலாமா?

(மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நானாக இருந்தால் வைத்திருக்க மாட்டேன்.)

கார்க்காரர்: இல்லையென்றால் கேம்பர் கொடுங்க. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டால் மட்கார்டில் படாதாமே?

மெக்கானிக்: மட்கார்டில் படாது. ரோட்டிலும் சரியாகப் படாது. அகல டயர் எதற்கு வாங்கினீங்க?

கார்க்காரர்: கிரிப்புக்கு.

மெக்கானிக்: பழைய டயர் முழு அகலமும் ரோட்டில் பட்டது. இதை அந்த அளவுக்குச் சாய்த்தால் உள் ஓரம்தான் ஓடும். அங்கே கம்பி தெரியும்வரை தேயும், வெளி ஓரம் வாங்கின மாதிரியே இருக்கும்.

கார்க்காரர்: பார்க்கிறவர்களுக்கு வெளி ஓரம்தானே தெரியும்?

மெக்கானிக்: வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கவே இல்லையா?

கார்க்காரர்: பார்த்தேனே. இதே காரில் இதே சைஸ் போட்ட படம். ஒரு பிரச்சினையும் இல்லை.

மெக்கானிக்: படத்தில் கார் என்ன செய்துகொண்டிருந்தது?

கார்க்காரர்: அது... நின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக்: ம்.

கார்க்காரர்: நானே விரல் விட்டும் பார்த்தேன். ரெண்டு விரல் போச்சு அண்ணே!

மெக்கானிக்: ஓடும்போது விட்டிருந்தால் நிஜமாகவே போயிருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை மாட்டி, சக்கரம் மேலே ஏறும் எல்லையில் இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடும்வரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்க்கணும். இடிக்கிற இடமெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கார்க்காரர்: அதற்கு நேரமாகுமே.

மெக்கானிக்: ஆகும்தான். சரி, ஏற்றிப் பார்க்கிறேன்... தம்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது, சக்கரம் ஆடுகிறது. போன தடவையே சொன்னேன் இல்லையா?

கார்க்காரர்: அது உள்ளே இருக்கிற சாமான் அண்ணே. யார் கண்ணில் படப்போகிறது?

மெக்கானிக்: டயரின் பக்கவாட்டை மட்கார்டு விளிம்பு அறுத்துக்கொண்டே இருக்கிறது. வேகத்தில் அது வெடித்தால் எதிரே வருகிறவர் கண்ணில் படும். அவர் உங்கள் ரிம்மைப் பார்க்க வந்தவர் இல்லை.

கார்க்காரர்: ...சரி, புஷ்ஷை மாற்றிவிடுங்க. சிவப்புக் கலரில் பாலி புஷ் வருமாமே?

மெக்கானிக்: வரும். சக்கரத்தைக் கழற்றினால்தான் தெரியும்.

கார்க்காரர்: அப்போது கறுப்பே போடுங்க.