ஸ்டூல் மேல அட்டைப்பெட்டி

போன வாரம் பொண்ணுக்கு யூனிஃபார்ம் எடுக்க வேலூர் டவுனுக்குப் போயிருந்தேன். கடைப் பேர் வேண்டாம். சாயங்காலம் 4 மணி, மாடியில கூட்டமே இல்ல. கவுன்டருக்குப் பின்னாடி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அது மேல சட்டை அட்டைப்பெட்டி ஆறேழு அடுக்கி வெச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், நின்னுட்டிருந்தா. கொஞ்ச நேரம் வலது கால்ல, கொஞ்ச நேரம் இடது கால்ல. அப்புறம் ரேக்கோட கீழ்ப்பலகையில ஒரு பாதத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் சட்டுனு கீழ இறக்கிட்டா.

அந்தக் கால் மாத்தறது எனக்குத் தெரியும். இதே ஊர்ல ஒரு ஜவுளிக்கடையில 6 வருஷம் நின்னவ நான். வேலை பார்த்தவன்னு எழுதக் கை வரல, நின்னவன்னுதான் வருது.

காலையில ஒன்பதரைக்கு உள்ள போனா ராத்திரி ஒன்பதரை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன்னா பதினொன்னு கூட ஆகும். அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் இருந்து வர்ற பொண்ணுங்க கடைசி பஸ்ஸை விட்டுட்டு அழுததைப் பார்த்திருக்கேன். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுவும் பேட்ச் பேட்சா. மாடிப்படிக்கு அடியில உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து பிசையறதுக்குள்ள அடுத்த பேட்ச் தலைமாட்டுல வந்து நிக்கும். பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட சொல்லி, நோட்டுல நேரம் எழுதிட்டுப் போகணும். மாசத்துல அந்த மூணு நாள் கூட ரெண்டு தடவை போனா, "இன்னாம்மா, இப்பதான போய்ட்டு வந்த?"ன்னு எல்லார் எதிர்லயும் கேப்பாரு. அந்தக் கேள்விக்குப் பயந்து நாங்க தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டோம். வேலூர் மே மாச வெயில்ல! நீர்க்கடுப்பு வராத பொண்ணே எங்க செக்ஷன்ல கிடையாது.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், காய்ச்சலோட வேலைக்கு வந்தேன். தலை சுத்தி சேலை பண்டல் மேல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டேன். அரை நாள் சம்பளம் பிடிச்சாங்க. "உக்காந்துகினு இருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறோம்?"னு கேட்டாங்க. அவங்க கேக்கறது நியாயம்தானேன்னு அன்னைக்கு நானும் நெனச்சேன். இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு ஆறாதது அதுதான். தப்பு என் மேலன்னு நம்பிட்டு வீட்டுக்குப் போனேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல வந்தது. 4 மணி நேரம் வேலை வாங்கினா 1 மணி நேரம் ஓய்வு விட்டே ஆகணும்னு அதுல இருக்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வாங்கினா ரெட்டைச் சம்பளம். எங்க அம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சது. எங்க கடையில ஒருத்தருக்கும் தெரியாது.

உக்கார்ற உரிமை ரொம்பப் பின்னாடிதான் வந்துச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைப் பொண்ணுங்க பாத்ரூமுக்காகவும் நாற்காலிக்காகவும் போராடினாங்க. தையல் வேலை செஞ்ச விஜியும் அவங்க ஆரம்பிச்ச பெண்கூட்டு அமைப்பும் விடாம நின்னதால 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்துச்சு. 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையிலயும் அதே மாதிரி திருத்தம் கொண்டு வந்தாங்க. எல்லாக் கடையிலயும் வேலையாட்களுக்கு இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்புக் கிடைச்சா உக்காரலாம். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு என் கால்ல முடிச்சு முடிச்சா இருக்கற நரம்பைத் தடவிப் பார்த்துக்கிட்டேன். நரம்பைக் காட்டப் போனப்ப டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "நின்னுட்டே செய்யற வேலையாம்மா?"

சட்டம் வந்ததும் ஸ்டூலும் வந்துச்சு. அது மேல அட்டைப்பெட்டி உக்காந்திருக்கு.

2023 ஏப்ரல்ல தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலைன்னு ஒரு மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பினதும் மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதல்வர் அறிவிச்சாரு. ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனா ஜவுளிக்கடையில நாங்க எந்த மசோதாவும் இல்லாமலேயே 12 மணி நேரம் நின்னோம், அதுக்கு ஒரு ஊர்வலம் கூட வந்ததில்ல. (எங்க தெருவுல இருந்து ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுங்க கதை வேற. மெஷின் முன்னாடி உக்காந்தா டார்கெட் முடியாம எழுந்திரிக்க முடியலன்னு சொல்றாங்க. அதைத் தனியா எழுதணும்.)

முதலாளிங்க எப்பவும் சொல்ற காரணம், கஸ்டமருக்கு மரியாதை. இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். பேங்க்ல கேஷியர் உக்காந்துதான் பணம் எண்ணித் தர்றாரு. டாக்டர் உக்காந்துதான் நாடி பிடிக்கறாரு. அதுல யாருக்கு என்ன மரியாதை குறைஞ்சுது? எங்க பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு லாங்கு பஜார் பக்கம் துணி எடுக்கப் போன ஞாபகம் இருக்கு. கடைக்காரர் ஜமக்காளத்துல உக்காந்து புடவையை விரிப்பாரு, நாங்களும் எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்துதான் பாப்போம். ஜவுளி வியாபாரமே உக்காந்து பண்ணின வியாபாரம்ங்க. கண்ணாடியும் லிஃப்ட்டும் வந்தப்புறம் எங்களை மட்டும் நிக்க வெச்சுட்டாங்க.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. நாம உள்ள நுழையும்போது அந்தப் பொண்ணு உக்காந்திருந்தா, "யாரும்மா இங்க?"ன்னு நம்ம குரலே உயருதே. எழுந்து நின்னு சிரிச்சாதான் நமக்குத் திருப்தி. அவ காலையில இருந்து எத்தனை பேருக்கு எழுந்து நின்னான்னு நெனச்சுப் பாக்கறோமா?

அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட, "பெட்டியை இறக்கிடலாம், உக்காரும்மா, நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்"னு சொன்னேன். அவ தலைக்கு மேல பார்த்தா. "வேணாம்க்கா, கேமரா இருக்கு"ன்னா.

கீழ பில் போடற இடத்துல மேனேஜர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். "கஸ்டமருங்கதான் மேடம் கம்ப்ளைன்ட் பண்றாங்க"ன்னாரு. அப்ப அந்த கம்ப்ளைன்ட் நோட்டைக் குடுங்கன்னு வாங்கினேன். எந்த மாடி, எந்தப் பொண்ணுன்னு எதுவும் குறிக்கல. "உங்க கடையில துணி காட்டறவங்க எல்லாரும் உக்காந்து காட்டினா எங்களுக்குச் சம்மதம். அடுத்த தடவை வரும்போது ஸ்டூல் மேல பெட்டி இருக்கக் கூடாது"ன்னு எழுதி, கீழ என் பேரும் ஃபோன் நம்பரும் போட்டுட்டு வந்தேன். பாவாடை நீளம் குறைக்க அடுத்த வாரம் திரும்பப் போகணும்.