"செத்திருப்பாங்க" என்று எழுதியவருக்கு

வெள்ளிக்கிழமை என் பதிவின் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். 1965, 1971 போர்களில் பாகிஸ்தானிடம் சிக்கியதாக நம்பப்படும் நம் ராணுவத்தினர் 54 பேரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "அதெல்லாம் எப்பவோ செத்திருப்பாங்க, வேற வேலை இருந்தா பாருங்க" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அத்தனை லைக். அதில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

செத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டாமா? எங்கே, எப்போது, எந்த மண்ணில் புதைத்தார்கள் என்று ஒரு பதில். நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த 54 பேரில் ஒருவரான மேஜர் அசோக் சூரியின் வீட்டுக்கும் முதலில் போரில் இறந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1974 டிசம்பர் தேதி போட்டு அவர் கையெழுத்தில் அப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. அடுத்த வருடம் கராச்சியிலிருந்து இன்னொன்று. நான் நலம், இங்கே 20 அதிகாரிகள் இருக்கிறோம், அரசாங்கத்திடம் சொல்லுங்கள் என்று. கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு 'இறந்தவர்' என்பதை 'காணாமல் போனவர்' என்று மாற்றினார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் கடிதத்தைக் கையில் வைத்திருந்த அந்தத் தகப்பனிடம் போய் இந்த கமெண்டைச் சொல்ல முடியுமா உங்களால்?

என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். 71 போருக்கு அப்புறம் வடக்கே ஒரு கைதி முகாமில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். பாகிஸ்தான் தரப்பில் நாம் பிடித்து வைத்திருந்தது சுமார் 93,000 பேர், சிவிலியன்களும் சேர்த்து. அதில் மீசை முளைக்காத ஒரு சிப்பாய் தினமும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளங்கையில் எழுதுவது போலக் காட்டுவானாம், லெட்டர் வந்ததா என்று. ஒருநாள் வந்தது. அவன் அதைப் பிரிக்காமல் மூக்கில் வைத்து மோந்துகொண்டே நின்றான் என்பார் அப்பா. "எதிரிதான்மா. ஆனா அவன் ஆத்தாவுக்கு அவன் இருக்கிற இடம் தெரிஞ்சுது." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

1974க்குள் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டோம். அனுப்பியது சரிதான், சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமில்லாமல் விட வேண்டும் என்று ஜெனீவா ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் அத்தனை பேர் நம் கையில் இருந்தபோது நம்முடையவர்களின் கணக்கை ஏன் முழுசாகத் தீர்க்கவில்லை? இதைக் கேட்டால் போர்வெறி என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் ராணுவத்தை அவமானப்படுத்துகிறேன் என்கிறார். இரண்டு பேரும் ஒன்று பேசி முடிவுக்கு வாருங்கள். பட்டியலில் சிலர் களத்திலேயே விழுந்திருக்கலாம் என்பது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் பதில் வேண்டும்தானே?

நம் விமானப்படை விமானி அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்ட அந்த 2019 பிப்ரவரி நினைவிருக்கிறதா? நம் ஊர்ப் பிள்ளை என்று தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கையில் டீ கிளாஸோடு அவர் பேசும் வீடியோவை உலகமே பார்த்துவிட்டது, அதற்கப்புறம் எங்களிடம் யாரும் இல்லை என்று அவர்களால் சொல்ல முடியாது. 27ஆம் தேதி பிடிபட்டவர் மார்ச் 1 ராத்திரி வாகா எல்லையைத் தாண்டி வந்துவிட்டார். 1971இல் வீடியோ ஏது? பத்திரிகையில் வந்த பெயர்தான் வீடியோ. அந்த 54 பேரில் ஒருவரான விமானி ஃப்ளைட் லெப்டினன்ட் தாம்பேயின் பெயர், எழுத்து கொஞ்சம் மாறி, பிடிபட்ட விமானிகள் பட்டியலில் பாகிஸ்தான் நாளிதழிலேயே அப்போது வந்தது. அப்படியும் அவர் வரவில்லை. அவர் மனைவி தமயந்தி, தேசிய பேட்மின்டன் சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை அப்போது.

2007இல் உறவினர்கள் 14 பேர் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். 2019இல்கூட நாடாளுமன்றத்தில் நம் அரசு என்ன சொன்னது? 54 போர்க்கைதிகள் உட்பட 83 பேர் அவர்கள் பிடியில் இருப்பதாக நம்புகிறோம், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று. அரசாங்கமே முடிக்காத கணக்கை நீங்கள் ஒரு கமெண்டில் முடித்துவிட்டீர்கள்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. எங்கே கிடத்தினோம், யார் கொள்ளி வைத்தார்கள், எந்த ஆற்றில் கரைத்தோம், எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பதிவை நான் எடுக்க மாட்டேன். லைக் போட்டவர்கள் எடுத்துவிட்டால் சந்தோஷப்படுவேன்.