தள்ளுபடி போர்டு மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

தள்ளுபடி என்றால் கூட்டம் வரும், சந்தேகமே இல்லை. கூட்டம் வந்தால் லாபமும் வரும் என்று நம்பும் இடத்தில்தான் கடைக்காரர் கையைச் சுட்டுக்கொள்கிறார்.

75-க்கு வாங்கியதை 100-க்கு விற்கிறீர்கள்; ஒன்றுக்கு 25 நிற்கும். 10 சதவீதம் குறைத்தால் மிஞ்சுவது 15. பழைய லாபத்தைத் தொடவே, 100 விற்ற இடத்தில் 167 விற்றாக வேண்டும். 20 சதவீதம் குறைத்தால் மிஞ்சுவது 5 மட்டும். 500 விற்க வேண்டும்! கூடுதல் ஆள் கூலி, பை, விளம்பரச் செலவு எல்லாம் தனி.

இன்னொரு குழி: அடக்க விலை மேல் 25 சதவீதம் ஏற்றுபவர், தன் மார்ஜினும் (விற்கும் விலையில் லாபத்தின் பங்கு) 25 சதவீதம் என்று நினைத்துவிடுகிறார். 100-க்கு வாங்கி 125-க்கு விற்றால் மார்ஜின் 20 தான். அதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அசலோடு சரி.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' இதைவிட மோசம். முதல் கணக்கையே எடுங்கள்: 225 அடக்கமுள்ள மூன்று பொருள் 200-க்குப் போகிறது. மார்ஜின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத சரக்கில் இதைத் தொடவே கூடாது.

சோப்பு, பற்பசை போன்றவற்றை மக்கள் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி அடுக்கிவிடுவார்கள். அடுத்த மாதம் முழு விலைக்குப் போக வேண்டியது இப்போதே குறைந்த விலைக்குப் போகிறது. அதனால் ஆஃபர் நாட்களின் கல்லாவை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பிறகு வரும் நான்கைந்து வாரங்களையும் சேர்த்து, விற்பனைத் தொகையை விட்டு மொத்த லாபத்தைப் பாருங்கள்.

சீசன் துணிக்கு நியாயம் வேறு. அங்கே அடக்க விலையைப் பார்த்துத் தயங்குவதுதான் தவறு. போட்ட பணம் போட்டதுதான். சீசன் பாதியில் 20 சதவீதம் குறைக்க மனம் வராதவர், கடைசியில் 60 குறைத்தும் தேங்கிய சரக்கோடு நிற்பார்.

தள்ளுபடியை ஒரே நாளில் நிறுத்தவும் முடியாது. 2012-இல் அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான ஜேசி பென்னி, ரான் ஜான்சன் தலைமையில் கூப்பன்களை ஒழித்து நிலையான விலைக்கு மாறியது. அந்த நிதியாண்டில் விற்பனை ஏறக்குறைய கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார். பழக்கிவிட்ட வாடிக்கையாளர் ஆஃபருக்குக் காத்திருப்பார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான் சொல்வேன், பொருளுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை மொத்தப் பில்லுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான பில்கள் எந்தத் தொகையில் குவிகின்றன என்று பாருங்கள் (சராசரியை நம்பாதீர்கள், நாலு பெரிய பில் அதைத் தூக்கிவிடும்). அதற்குச் சற்று மேலே சலுகை எல்லையை வையுங்கள். எட்டிப் பிடிக்க இன்னொரு பொருள் போதும் என்றால் எடுப்பார்கள். ரொம்ப உயரத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.